முதல் நடையில் அரிசி

அந்த ஐப்பசியில் மழை பிடித்தபோது எனக்கு முப்பத்தோரு வயது. கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு தாலுகா அலுவலகத்தில் உதவியாளராக இருந்தேன். எழுபதுகளின் பிற்பகுதி. வெள்ளமோ தீயோ சூறைக்காற்றோ எது வந்தாலும், பாதிக்கப்பட்டவர்களுக்கு என்ன பொருள், எவ்வளவு, எந்த வண்டியில், எந்த வழியாகப் போக வேண்டும் என்று திட்டம் போட்டுக் கொடுப்பது என் மேசையின் வேலை. மற்ற நாட்களில் அந்த மேசைக்கு வேலையே கிடையாது. அதனால் ரேஷன் கார்டு மனுக்களையும் என்னிடமே தள்ளிவிட்டிருந்தார்கள்.

முதல் மூன்று நாட்கள் நான் நன்றாகத்தான் வேலை செய்தேன். முல்லையாறு கரைமீறி வயல்களுக்குள் புகுந்தது. தாழ்வான தெருக்களில் இருந்தவர்கள் பிள்ளைகளையும் கோழிகளையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடங்களுக்கு வந்துவிட்டார்கள். எந்தப் பாலத்தில் தண்ணீர் ஏறியிருக்கிறது, எந்தச் சாலையில் மரம் விழுந்திருக்கிறது என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் கேட்டு, சுவரில் தொங்கிய வரைபடத்தில் சிவப்புப் பென்சிலால் குறித்துக்கொண்டேன். தேனி கடைவீதியில் மொத்த வியாபாரம் செய்தவர்கள் இரண்டு லாரிகள் கொடுத்தார்கள். வீரபாண்டித் திருவிழாவுக்கு அண்டா வாடகைக்கு விடுகிறவரை வீட்டிலேயே போய்ப் பிடித்தோம். பண்ணைப்புரம் பக்கம் ரோடு அறுந்துவிட்டது என்று தெரிந்ததும் அறுந்த இடத்துக்கு அந்தப் பக்கம் மாட்டு வண்டிகளை நிறுத்தி, மூட்டைகளைக் கைமாற்றி அனுப்பினேன். எந்தப் பள்ளிக்கூடத்திலும் ஒருவேளைச் சாப்பாடு தவறவில்லை.

தாசில்தார் என் தோளைத் தட்டினார். “ஒம்ம தலைக்குள்ளயே ரோடு மேப்பு இருக்குய்யா” என்றார். எனக்குக் கர்வமாக இருந்தது. இந்த வேலைக்கென்றே பிறந்தவன் நான் என்று கூட நினைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் காலை, மேற்கு மலையிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். ஏலத்தோட்டங்களுக்குக் கீழே, ஜீப் போகாத இடத்தில் இருந்த ஒரு சிற்றூர்க்காரர். அங்கே போவதென்றால் அடிவாரத்திலிருந்து கழுதைப் பாதையில் நாலைந்து மணி நேரம் ஏற வேண்டும். அவருடைய கால்களில் அட்டை கடித்த இடமெல்லாம் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. எங்கள் அலுவலக வராந்தாவில் உட்காரச் சொன்னோம். உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

“மண்ணு சரிஞ்சு மேலத்தெரு பாதி போயிருச்சுங்கய்யா. ரெண்டு பேரு உள்ள போயிட்டாக. மிச்சப் பேரு மாதா கோயில்லயும் பள்ளிக்கூடத்துலயும் கெடக்குறாக. மூணு நாளா அடுப்புப் பத்தல. பிள்ளைக பசியில சுருண்டு கெடக்குதுக.”

“எத்தன வீடு?” என்று கேட்டேன்.

“அறுவது வீடு இருக்கும்.”

எழுதிக்கொண்டேன். அப்போது ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மா வராந்தாவில்தான் இருந்தார். பள்ளிக்கூடங்களில் ஊசி போடுவதற்கு வண்டி கேட்டு வந்திருந்தார். பள்ளத்தாக்கிலேயே பிறந்து வளர்ந்தவர், கத்தோலிக்கக் குடும்பம், என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருக்கும். அவர் அந்த மனிதரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“குடிக்கத் தண்ணி எங்கன எடுக்குறீக?”

“ஊத்து மூடிப்போச்சும்மா. ஓடைத் தண்ணிதான். செம்மண்ணாத்தான் வருது. மேல ரெண்டு மாடு வேற செத்துக் கெடக்கு.”

அதையும் நான் எழுதிக்கொண்டேன். ‘ஊற்று மூடியது, ஓடை நீர், மாடு இரண்டு’ என்று என் கையெழுத்திலேயே அந்தக் காகிதத்தில் இருந்தது. எனக்குத் தெரியாது என்று நான் ஒருபோதும் சொல்ல முடியாது.

கழுதைகளுக்காகப் போடிக்கு ஆள் அனுப்பினோம். ஏலக்காய் மூட்டை இறக்குகிற கழுதைக்காரர் ஒருவர் பன்னிரண்டு கழுதைகளோடு மதியத்துக்குள் அடிவாரத்துக்கு வந்துவிட்டார். நாற்பது வயது மனிதர், ஒல்லியான தேகம். தங்கையை அந்த ஊரில்தான் கட்டிக் கொடுத்திருந்தார். அதனால் அவரைத் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கவில்லை; அவரே புறப்படத் தயாராகத்தான் இருந்தார்.

ஒரு கழுதை ஏறக்குறைய ஒரு அரை மூட்டை தாங்கும், அதுவும் ஈரப் பாதையில் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். பன்னிரண்டு கழுதைக்கும் அரிசி ஏற்றினால் அறுபது குடும்பத்துக்கும் ஒரு வாரம் கஞ்சியாவது காய்ச்சலாம். நான் அப்படித்தான் எழுதினேன். லாரியிலிருந்து மூட்டைகளை இறக்கி இரண்டிரண்டு பொதியாகப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தபோது நர்சம்மா எங்கள் ஜீப்பிலேயே வந்து இறங்கினார். கையில் ஒரு துண்டுச் சீட்டு. பிளீச்சிங் பவுடர், உப்பு, வெல்லம், குளுக்கோஸ் பாட்டில், மூடியுள்ள பெரிய பாத்திரம் நாலு, தகர டப்பாவில் தீப்பெட்டி, மண்ணெண்ணெய்.

“சார், எனக்கு மூணு கழுதை வேணும்” என்றார்.

“மூணா? அப்ப அரிசி கொறஞ்சிருமே.”

“கொறயட்டும் சார். வெறகெல்லாம் நனஞ்சு கெடக்கும். அரிசிய என்ன செய்வாக? அந்தத் தண்ணியக் குடிச்சா வாந்திபேதி வந்துரும். நாளைக்கே வந்துரும்.”

அவர் சொன்னது சரி என்று எனக்கு அப்போதே தோன்றியது. ஆனால் அதற்குள் தாசில்தார் மேலிடத்துக்கு டிரங்க் கால் போட்டு, ஒரு வாரத்துக்கான அரிசி இன்றைக்கே மலைக்குப் போகிறது என்று சொல்லிவிட்டிருந்தார். ‘ஒரு வாரம்’ என்ற சொல் நான் கொடுத்தது. மூன்று கழுதையைக் குறைத்தால் அது ஐந்து நாளாகிவிடும். திரும்பவும் டிரங்க் கால் போட்டுச் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் காரணம். பெரிய காரணம் ஏதாவது இருந்தது என்று இத்தனை வருடமாகத் தேடிப் பார்த்துவிட்டேன். வேறு எதுவும் இல்லை.

“நாளைக்குக் காலையில ரெண்டாவது நடை போகுதும்மா. மொதல்ல ஒங்க சாமான் அத்தனையும் ஏத்திருவோம்” என்றேன்.

“நாளைக்கு மழ விடுமா சார்?”

“இன்னைக்கு வெறிச்சிருச்சே, பாருங்க” என்று வானத்தைக் காட்டினேன். மலைக்கு மேல் கொஞ்சம் வெளுத்துத்தான் இருந்தது.

அவர் துண்டுச் சீட்டை என் கையில் கொடுத்தார். கழுதைக்காரர் கயிற்றை இறுக்கிக்கொண்டே எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, குரலைத் தணித்துக் கேட்டார். “ஐயா, ஒரு உப்புச் சிப்பத்த மட்டும் இந்தப் பொதி மேல வச்சுக் கட்டிக்கிரட்டா? நர்சம்மா சொல்றாகள்ல.”

“சீட்டுல இல்லாதத ஏத்தாதய்யா. நாளைக்கு நீதான வரப்போற” என்றேன்.

“சரிங்கய்யா” என்றார். கழுதைகளை, “ஏலே, நட நட” என்று தட்டி ஓட்டிக்கொண்டு போனார். திருப்பத்தில் கடைசிக் கழுதை மறைகிற வரை நான் நின்று பார்த்தேன். அன்றைக்கு மாலை அலுவலகத்துக்குத் திரும்பும்போது மனசு நிறைந்துதான் இருந்தது.

மறுநாள் விடியற்காலையில் மழை திரும்பப் பிடித்துக்கொண்டது. எட்டு மணிக்கு அடிவாரத்தில் நாங்கள் லாரியோடு நின்றோம். கழுதைகள் இறங்கி வரவில்லை. பத்து மணிக்கு, பாதை பார்க்கப் போன ஆட்கள் திரும்பி வந்து, இரண்டாவது வளைவுக்கு மேல் பாதையே இல்லை, மலையோடு வழித்துக்கொண்டு போய்விட்டது என்றார்கள். கழுதைகளும் கழுதைக்காரரும் மேலேயே மாட்டிக்கொண்டார்கள்.

நர்சம்மாவின் சாமான்கள் லாரியில் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தன. அவர் லாரியின் முன்சீட்டில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

வேறு வழி தேட மூன்று நாள் ஆனது. வடக்கே ஒரு ஏலத்தோட்டத்துக்கு ஜீப் பாதை இருந்தது. அங்கே ஏறி, தோட்டத்துக்குள்ளேயே குறுக்கே நடந்து, ஒரு ஓடையைக் கயிறு கட்டித் தாண்டினால் அந்த ஊருக்கு மேலிருந்து இறங்கலாம் என்று தோட்டத்து மேஸ்திரி ஒருவர் சொன்னார். அவரே சுமைக்கு ஆறு ஆட்களையும் கொடுத்தார். முதல் நாள் ஓடையில் இறங்கவே முடியவில்லை, திரும்பிவிட்டோம். இரண்டாம் நாளும் திரும்பினோம். அந்த வழியை ஏன் முதலிலேயே விசாரித்து வைக்கவில்லை என்று தாசில்தார் கேட்டார். மழைக்கு முன்னால் விசாரித்து வைக்க வேண்டியது என் மேசையின் வேலைதான்.

மூன்றாம் நாள் மதியம் தாண்டி நாங்கள் ஊருக்குள் இறங்கினோம். நான், நர்சம்மா, ஆறு சுமைக்காரர்கள். முதலில் வாடைதான் வந்தது. மாதா கோயில் வாசலில் ஒரு பெண் தரையில் சாய்ந்து கிடந்தாள். அவள் மடியில் ஒரு குழந்தை. நர்சம்மா ஓடிப்போய்க் குழந்தையின் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய இடம் அப்படியே மடிந்து நின்றது; உடம்பில் நீரே இல்லை. அந்தப் பெண்ணிடம் ஏதோ சொல்லிவிட்டு, சுமைக்காரர்களைப் பார்த்து, “உப்பு எதுல இருக்கு? வெல்லம் எடுங்க, சீக்கிரம்!” என்று கத்தினார். அவர் கத்தி அன்றைக்குத்தான் கேட்டேன்.

கோயிலுக்குள் பீடத்துக்குப் பக்கத்தில், நான் அனுப்பிய அரிசி அழகாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. முக்கால்வாசிப் பொதிகள் கட்டே அவிழ்க்கவில்லை.

ஒரு வயதான மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “அரிசி வந்து சேந்துருச்சுங்கய்யா. ரொம்ப நல்ல அரிசி. நெருப்புத்தான் இல்ல. ஊற வச்சு மென்னு பாத்தோம். பெரியவுக தின்னோம். பிள்ளைக கக்கிருச்சுக” என்றார். நன்றி சொல்கிற குரலில்தான் அதைச் சொன்னார்.

நாங்கள் போவதற்குள் வாந்திபேதியில் பதினோரு பேர் இறந்திருந்தார்கள். அதில் ஏழு பேர் குழந்தைகள். கோயிலுக்குப் பின்னால் சரிவில் கழுதைக்காரர் மண்வெட்டியோடு நின்றார். மழையில் குழி நிரம்பி நிரம்பி வந்ததால் தண்ணீரைத் தகரத்தால் மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, வணக்கம் சொன்னார்.

“தங்கச்சி?” என்று கேட்டேன்.

“முந்தாநாள் அவ. நேத்து அவ மக.”

நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நின்றேன். அவரே பேசினார்.

“நீங்க எழுதுனத நான் குத்தம் சொல்லலங்கய்யா. நீங்க கீழ இருக்கீக, ஒங்களுக்குச் சீட்டுத்தான் தெரியும். எனக்குத் தெரிஞ்சிருக்கணும்ல? நடுவழியில திரும்பிப் பாத்தா ஒங்க ஆளு யாருமே இல்ல. ஒரு சிப்பத்த மடியில கட்டிக்கிட்டு வந்திருந்தா யாரு பாக்கப்போறா? கேட்டதுதான் தப்பு. கேக்காம எடுத்திருக்கணும்.”

அவர் அழவில்லை. திரும்பவும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டார். நானும் ஒரு தகரத்தை எடுத்து அவரோடு தண்ணீர் மொண்டு ஊற்றினேன். என்ன சொல்வது என்று தெரியாததால் செய்தேன். அதை அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நர்சம்மா கோயில் கதவு ஒன்றைக் கழற்றச் சொல்லி அதன் உள்பக்கக் காய்ந்த பலகையைப் பிளந்து அடுப்பு மூட்டினார். தண்ணீரைக் கொதிக்க வைத்து, உப்பும் வெல்லமும் கரைத்து, ஒவ்வொரு வாயிலும் கரண்டி கரண்டியாக ஊற்றினார். நானும் சுமைக்காரர்களும் ஊற்றினோம். பொழுது சாய்வதற்குள் அந்த வாசலில் கிடந்த குழந்தை கண்ணைத் திறந்து அம்மாவைத் தேடியது. படுத்துக்கிடந்த முப்பதுக்கும் மேற்பட்டவர்களில் அதற்குப் பிறகு இரண்டு பேர்தான் போனார்கள். மற்றவர்கள் எழுந்துவிட்டார்கள்.

எல்லோரும் அதை நிம்மதியாகச் சொல்வார்கள். என்னால் முடியவில்லை. இவ்வளவு சுலபமாக எழுந்துவிட்டார்களே என்பதுதான் என்னைக் கொன்றது. மருந்து வேலை செய்யாமல் போயிருந்தால், விதி என்று சொல்லிக் கொஞ்சமாவது தூங்கியிருப்பேன்.

கீழே இறங்கியதும் அறிக்கை எழுத வேண்டியிருந்தது. தாசில்தார் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். கெட்ட மனிதர் இல்லை அவர்.

“பதினஞ்சு பேரும் மண்சரிவுன்னு எழுதும்.”

“ஐயா, மண்ணுக்குள்ள போனது ரெண்டு பேருதான்.”

“எனக்குத் தெரியாதாய்யா? மண்சரிவுன்னா அந்தக் குடும்பங்களுக்கு நிவாரணம் கெடைக்கும். வாந்திபேதின்னா ஒண்ணும் கெடைக்காது. அதுக்கு மேல, ஏன் வந்துச்சு, மருந்து ஏன் போகலன்னு கேள்வி வரும். ஒமக்கும் நல்லதில்ல, அவங்களுக்கும் நல்லதில்ல. செத்தவங்க திரும்பியா வரப்போறாங்க?”

அவர் சொன்னது பொய் இல்லை. அந்தக் குடும்பங்களுக்கு உண்மையிலேயே உதவி கிடைக்கத்தான் செய்தது. நான் எழுதினேன். பதினைந்து பெயர்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, எதிரே மண்சரிவு, மண்சரிவு, மண்சரிவு என்று நிரப்பினேன். நர்சம்மாவிடம் சாட்சிக் கையெழுத்துக்கு அனுப்பியபோது, அவர் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினார். கடுதாசி எதுவும் வைக்கவில்லை. தை பிறப்பதற்குள் அவரை ராமநாதபுரம் பக்கம் மாற்றிவிட்டார்கள். அவர் புறப்பட்ட அன்று பஸ் நிலையத்துக்குப் போகலாம் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

அந்த ஜனவரியில் குடியரசு தினக் கொடியேற்றத்தின்போது வெள்ள நிவாரணப் பணிக்காக எனக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். என் மனைவி அதைக் கண்ணாடி போட்டு மாட்டலாம் என்றாள். வேண்டாம் என்றேன். ஏன் என்று அவளிடம் சொல்லவே இல்லை. இன்று வரை அவளுக்குத் தெரியாது.

அந்தக் கோடையில் நான் ஒரு திட்டம் எழுதினேன். மலையூர்கள் ஒவ்வொன்றுக்கும் மழைக்கு முன்பே அந்தந்த ஊரிலேயே ஒரு தகரப் பெட்டி: உப்பு, வெல்லம், தீப்பெட்டி, மண்ணெண்ணெய், பிளீச்சிங் பவுடர், ஒரு மூடி போட்ட பாத்திரம். ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு வழி, வரைபடத்தோடு. சுமை மிருகம் எத்தனை, யாரிடம் கேட்க வேண்டும். எந்தப் பொருள் முதலில் போக வேண்டும் என்பதை ஒரு தனித்தாளில் எழுதி மேலே வைத்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு கவனமாக வேறு எதையும் எழுதியதில்லை. மேலே அனுப்பினேன். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தது. அடுத்த வருடம் ஞாபகமூட்டினேன். வேறு ஓர் அதிகாரி வந்திருந்தார், நகல் கேட்டார், அனுப்பினேன். மூன்றாம் வருடம், நிதி இல்லை என்று வந்தது. ஒரே ஒரு தடவை பிளீச்சிங் பவுடர் மட்டும் பத்து மூட்டை வந்து இறங்கியது. அதுவும் பங்குனி வெயிலில். மலைக்கு அனுப்ப உத்தரவு வரவில்லை. எங்கள் வராந்தாவிலேயே கிடந்து காரம் போய்ச் சுண்ணாம்புத் தூளாகிவிட்டது.

அதற்குப் பிறகு என்னால் அந்த மேசையில் உட்கார முடியவில்லை. மழை இருட்டினாலே எழுந்து வராந்தாவுக்குப் போய்விடுவேன். எழுதிக் கேட்டு, வேறு கட்டடத்தில் இருந்த நில அளவைப் பிரிவுக்கு மாறிக்கொண்டேன். திட்டக் கோப்பை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சில வருடங்கள் கழித்து ஒருநாள் அல்லிநகரம் மார்க்கெட் பக்கம் கழுதைக்காரரைப் பார்த்தேன். கழுதைகளை விற்றுவிட்டு, காய்கறி லாரிகளில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. அவர்தான் என்னை அடையாளம் கண்டு கூப்பிட்டார். மேலே ஊரே இல்லை என்றார். இருந்தவர்களெல்லாம் இறங்கி, சிலர் தேனிக்கும் சிலர் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துத் தோட்டங்களுக்கும் போய்விட்டார்களாம். எனக்கு ஒரு டீ சொன்னார்.

“ஐயா இன்னும் அந்த வேலையிலதான் இருக்கீகளா?”

“இல்ல. முடியல. கேட்டு மாத்திக்கிட்டேன்.”

அவர் தலையை ஆட்டினார். டீயைப் பாதி குடித்துவிட்டுக் கேட்டார்.

“அப்ப அங்கன இப்ப யாரு இருக்கா?”

“யாரோ ஒரு பையன். திருச்சிப் பக்கம்.”

“அவருகிட்ட எல்லாத்தையும் வெவரமாச் சொல்லிட்டு வந்தீகளா?”

நான் சொல்லவில்லை. சாவியைக் கொடுத்தேன், எந்த அலமாரி என்று காட்டினேன், அவ்வளவுதான். என்ன நடந்தது, எதை முதலில் ஏற்ற வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் வாந்திபேதியில் போன பதிமூன்று பேரையும் சொல்ல வேண்டியிருக்கும் என்று பயந்து, எழுந்து வந்துவிட்டேன்.

என் முகத்தைப் பார்த்தே அவருக்குத் தெரிந்துவிட்டது. டீக் கிளாஸைக் கீழே வைத்தார். “லாரி நிக்கிது, நான் வர்றேங்கய்யா” என்று சொல்லிவிட்டுத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை தாலுகா அலுவலகம் திறந்ததும் என் பழைய மேசைக்குப் போனேன். அந்தப் பையன் இரண்டு மாதத்துக்கு முன்பே மாற்றலாகிப் போயிருந்தான். அந்த இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. ஆவணி முடிந்து புரட்டாசி பிறந்திருந்தது.